வரணும் என்கிற வினைச்சொல்

கோயம்புத்தூரில் நான்கு பேர் மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் ஐந்தாவது நிமிடத்தில் ஒரு பட்டியல் தொடங்கிவிடும். ஐக்கியா வரணும். மெட்ரோ வரணும். துபாய்க்கு நேர் விமானம் வரணும். கொச்சியில் இருக்கிற மாதிரி ஒரு பெரிய மால் வரணும். ராத்திரி ஒரு மணிக்கும் திறந்திருக்கிற காபிக் கடை வரணும். கடைசியில் யாராவது ஒருத்தர் சிரித்துக்கொண்டே சொல்வார், "கடல்தான் இல்லை, மத்ததெல்லாம் வந்துட்டா நம்மூரை அடிச்சுக்க ஆளே இல்லைங்க."

இந்தப் பட்டியலைப் பத்து வருடங்களாகக் கேட்டுவருகிறேன். அலுவலகத்தில், அடுக்குமாடிக் குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில், கல்யாண மண்டபத்தில், தேர்தல் நேரத்து நாளிதழ்களின் "நம்ம ஊருக்கு என்ன வேணும்" பக்கங்களில். கேட்டுக் கேட்டு, இதை ஒரு இலக்கிய வகைமையாகவே பார்க்க ஆரம்பித்துவிட்டேன். தூது, உலா, பள்ளு என்பதுபோல இதற்கும் இலக்கணம் இருக்கிறது. ஒவ்வொரு அடியிலும் ஒரு பெயர்ச்சொல், பெரும்பாலும் வேறு ஊரில் ஏற்கெனவே இருக்கிற ஒன்றின் பெயர். பாட்டுடைத் தலைவன் நம்மூர். எதிர்நிலைத் தலைவன் பெங்களூரு அல்லது கொச்சி. எல்லா அடியும் ஒரே வினைச்சொல்லில் முடியும். வரணும்.

அந்த வினைச்சொல்லைப் பற்றித்தான் எழுத நினைக்கிறேன்.

மென்பொருள் வேலையில் இருப்பவர்களுக்கு இந்தப் பட்டியல் வேறு விதத்திலும் பழக்கமானது. வாடிக்கையாளர் முதல் கூட்டத்தில் சொல்வது எப்போதும் இப்படித்தான் இருக்கும். அந்தக் கம்பெனி செயலியில் இருப்பது மாதிரி எனக்கும் ஒரு பொத்தான் வேணும். அதை அப்படியே எழுதிக்கொண்டு போய்ச் செய்து கொடுத்தால் மூன்று மாதத்தில் அந்தப் பொத்தானை யாரும் அழுத்துவதில்லை என்று தெரியவரும். ஆகவே தேவையைக் குறித்துக்கொள்வதற்கு எங்கள் தொழிலில் ஒரு வாய்ப்பாடு வைத்திருக்கிறோம். இன்னாராக, இது எனக்கு வேண்டும், இதற்காக. மூன்று பகுதி. கேட்பவர் யார், என்ன கேட்கிறார், எதற்குக் கேட்கிறார். நடுப்பகுதி சுலபமாக வந்துவிடும். முதலும் கடைசியும்தான் வராது. உட்கார்ந்து பிடுங்க வேண்டும்.

நம் ஊர்ப்பட்டியலில் நடுப்பகுதி மட்டும்தான் இருக்கிறது. ஐக்கியா வரணும். யாருக்கு, எதற்கு? கட்டில், மேசை வாங்க என்றால் காந்திபுரத்திலும் அவினாசி ரோட்டிலும் அறைகலன் கடைகளுக்குப் பஞ்சமில்லை. அளவு சொன்னால் இரண்டு வாரத்தில் செய்து கொடுக்கும் தச்சர்கள் இன்னமும் இருக்கிறார்கள். நண்பர் ஒருவரிடம் இதைக் கேட்டே விட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு அவர் சொன்னார், "சனிக்கிழமை குழந்தைகளக் கூட்டிட்டுப் போய் சும்மா சுத்திட்டு வரலாம். ஏசி இருக்கும். பாத்ரூம் சுத்தமா இருக்கும். யாரும் என்ன வேணும்னு பின்னாலயே வரமாட்டாங்க." நல்ல பதில். அவர் கேட்டது நாற்காலி இல்லை. நிழலும் கழிப்பறையும் இருந்து, யாரும் விரட்டாத ஓர் இடம். ஐக்கியா இந்தியாவில் 2018இல் ஹைதராபாத்திலும் 2020இல் நவி மும்பையிலும் 2022இல் பெங்களூருவிலும் தன் பெரிய கடைகளைத் திறந்தது. அத்தனை பெரிய கடைக்குச் சுற்றுவட்டாரத்தில் எத்தனை குடும்பம், எத்தனை வருமானம் என்று அவர்களுக்கென்று ஒரு கணக்கு இருக்கும். அந்தக் கணக்கு கோயம்புத்தூருக்கு எப்போது பொருந்தும் என்பது அவர்கள் பாடு. யாரும் விரட்டாத இடத்துக்காக ஒரு ஸ்வீடன் கம்பெனியின் கணக்குக்குக் காத்திருக்க வேண்டியிருப்பது நம் பாடு.

*

இந்த ஊருக்கு 'வரணும்' எப்போதிலிருந்து தொற்றிக்கொண்டது? ஏனென்றால் ஊர் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் கதைகள் எல்லாம் வேறு வினைச்சொல்லில் இருக்கின்றன.

ரயில்வேயில் வேலை பார்த்த சாமிக்கண்ணு வின்சென்ட் 1905இல் திருச்சியில், டுபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து ஒரு படம்காட்டும் கருவியையும் சில படச்சுருள்களையும் விலைக்கு வாங்கி, கூடாரம் போட்டு ஊர் ஊராகக் காட்டினார். 1914இல் கோவையில் நிரந்தரக் கொட்டகையே கட்டிவிட்டார். வெரைட்டி ஹால். தெருவுக்கு இன்றும் அந்தப் பெயர்தான். ஜி.டி.நாயுடு 1920இல் ஒரே ஒரு பேருந்தை வைத்துக்கொண்டு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தானே ஓட்ட ஆரம்பித்தார். அது யூ.எம்.எஸ். என்ற பெரும் நிறுவனமானது. 1932இல் பைக்காரா நீர்மின் திட்டம் ஓட ஆரம்பித்ததும் மலிவான மின்சாரம் கிடைத்தது. அதைப் பிடித்துக்கொண்டு ஆலைகள் பெருகின. ஆலைகளுக்கு உதிரிபாகம் வேண்டும், கிணற்றுக்கு மோட்டார் வேண்டும் என்று பட்டறைகள் பெருகின. 1937இல் நாயுடுவும் டி.பாலசுந்தரமும் சேர்ந்து மின்மோட்டார் செய்தார்கள். 1955இல் பி.சபாபதி என்பவர் மாவாட்டும் கல்லுக்கு மோட்டாரைப் பூட்டினார்.

இந்தக் கடைசி விஷயத்தில் கொஞ்சம் நின்றுதான் போக வேண்டும். கிரைண்டரை யாரும் 'வரணும்' என்று கேட்டிருக்க முடியாது. உலகத்தில் எங்கும் அப்படி ஒன்று இல்லை. கேட்கக்கூடியவர்கள், அதாவது ஆட்டுக்கல்லின் முன்னால் தினமும் ஒரு மணி நேரம் குழவியைச் சுற்றிக்கொண்டிருந்த பெண்கள், கேட்கும் இடத்தில் இல்லை. அவர்களுடைய தோள்வலிக்குப் பெயர்ச்சொல் கிடையாது. யாரோ ஒருவர் அந்த வலியைப் பார்த்தார், அல்லது ஓட்டல் முதலாளிகளின் ஆள் தட்டுப்பாட்டைப் பார்த்தார். எதைப் பார்த்தார் என்பது நமக்கு முக்கியமில்லை. கையில் இருந்த கல், கையில் இருந்த மோட்டார், கையில் இருந்த பட்டறை. இன்று கோயம்புத்தூர் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது.

சரி, இந்த இடத்தில் நம் ஊர்ப்பெருமைக் கட்டுரைகள் வழக்கமாக எடுக்கும் திருப்பத்தை நான் எடுக்கப்போவதில்லை. அன்று மனிதர்கள் இருந்தார்கள், இன்று நுகர்வோர் இருக்கிறோம் என்று முடித்துவிடலாம். கைதட்டல் கிடைக்கும். ஆனால் அந்தக் கதையில் ஒரு கள்ளத்தனம் இருக்கிறது. அந்தக் காலத்தில் 'செய்தவர்கள்' எல்லோரும் நிலமோ, சாதி வலைப்பின்னலோ, வெள்ளைக்கார முதலாளியின் ஆதரவோ ஏதோ ஒன்று வாய்த்தவர்கள். நாயுடுவுக்கே முதல் பேருந்துக்கு ராபர்ட் ஸ்டேன்ஸ் கைகொடுத்தார். ஆலைக்குள் வேலை செய்தவர்களுக்கும் ஒரு பட்டியல் இருந்தது. நியாயமான கூலி, வேலை நேரம், பெண் தொழிலாளர்களுக்குப் பாதுகாப்பு. அதைக் கேட்ட காலத்தின் மோதலில்தான் ரங்கவிலாஸ் ஆலைத் தொழிலாளர்கள் நான்கு பேர் 1946 ஜனவரி 8 அன்று கோவைச் சிறையில் தூக்கிலிடப்பட்டார்கள். சின்னியம்பாளையம் தியாகிகள் என்று இன்றும் ஆண்டுதோறும் அஞ்சலி செலுத்துகிறார்கள். ஊரின் தொழில்பெருமையை எழுதும் புத்தகங்கள் பலவற்றில் அவர்களுக்கு ஒரு பத்தி கிடைத்தால் பெரிது.

ஆகவே 'செய்தோம்' என்பதிலும் முதல் பகுதி விடுபட்டுத்தான் இருக்கிறது. யாராக?

இருந்தாலும் வினைச்சொல் மாறியது நிஜம். அதற்கு ஒரு முகவரிகூடச் சொல்லலாம். அவினாசி ரோட்டில் லட்சுமி மில்ஸ் நிறுத்தம். 1910இல் ஜி.குப்புசாமி நாயுடு தொடங்கிய ஆலை. அந்த வளாகத்தில்தான் 2023இல் லூலூ ஹைப்பர்மார்க்கெட் திறந்தார்கள். பட்டியலில் நெடுநாள் முன்வரிசையில் இருந்த ஒரு அடி நிறைவேறியது. திறந்த வாரம் கூட்டம் அலைமோதியது. நானும் போனேன், மீன் பகுதி நன்றாகவே இருந்தது. நூல் நூற்ற இடத்தில் நாம் தள்ளுவண்டி தள்ளுகிறோம் என்று கண்ணீர் விட என்னால் முடியாது. ஆலை என்பது பஞ்சுத்தூசியும் இருமலும்தான். ஆனால் ஒன்று கவனித்தேன். திறந்த மூன்றாம் மாதமே மதியச் சாப்பாட்டு மேசையில் பட்டியல் புதுப்பிக்கப்பட்டுவிட்டது. "இது சும்மா ஹைப்பர்மார்க்கெட்தாங்க. முழு மால் வரணும்."

*

பட்டியல் போடுகிறவர்கள் யார் என்பதைப் பட்டியலில் இல்லாதவற்றை வைத்துச் சொல்லிவிடலாம்.

அன்னூர்ப் பக்கத்திலிருந்து என் பெரியம்மா மாதத்துக்கு ஒருமுறை கோவைக்கு வருவார். கண் பரிசோதனை, நகைக்கடைச் சீட்டு, அப்படியே ஒப்பணக்கார வீதியில் துணிமணி. எழுபதை நெருங்கும் வயது. ஒருமுறை கூடவே போனேன். காலை எட்டு மணிக்குப் பேருந்து ஏறியவர் மதியம் இரண்டு மணிவரை ஒரு வாய்த் தண்ணீர் குடிக்கவில்லை. இளநீர் வாங்கித் தருகிறேன் என்றால் வேண்டாம் என்கிறார். நான் திரும்பத் திரும்பக் கேட்கவும் கொஞ்சம் கோபமாகவே சொன்னார்.

"எல்லாந்தான் இருக்குது கண்ணு இந்தக் கோயமுத்தூர்ல. ஒண்ணுக்குப் போறதுக்கு எங்க போறது? உனக்கென்ன, செவுத்தப் பாத்து நின்னுக்குவ."

இதற்கு என்னிடம் பதில் இல்லை. அந்தக் கடைத்தெருவில் நாங்கள் நடந்த ஒன்றரை கிலோமீட்டரில் தங்கம் விற்கும் கடை எத்தனை, பட்டு விற்கும் கடை எத்தனை என்று எண்ணிக்கொண்டே வந்தேன். பெரிய ஜவுளிக்கடைக்குள் நுழைந்தால் மூன்றாம் மாடியில் கழிப்பறை உண்டு என்று எனக்குத் தெரியும். பெரியம்மாவுக்கும் தெரியும். "வாங்காம எப்பிடிச் சாமி உள்ள போறது?" என்கிறார். பூக்கட்டும் பெண்கள், தள்ளுவண்டியில் கைக்குட்டை விற்கும் பெண்கள், அந்த ஜவுளிக்கடைகளிலேயே பத்து மணி நேரம் நின்றுகொண்டு வேலை செய்யும் பெண்கள், இவர்களின் உடம்பு இந்த ஊரின் எந்தப் பட்டியலிலும் இல்லை. நின்று வேலை செய்பவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021இல் சட்டமே திருத்த வேண்டியிருந்தது. நாற்காலி வரணும் என்று நாம் யாரும் கேட்டதாக நினைவில்லை. ஐக்கியாவைக் கேட்டோம்.

அதே பெரியம்மா மாதத்துக்கு ஒருமுறை வருவதே 2021 மே மாதத்துக்குப் பிறகுதான். சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று ஆனபிறகு ஊருக்குள் சுற்றும் செலவு குறைந்தது. யாரிடமும் கேட்காமல் கிளம்ப முடிகிறது. கட்டணமில்லாப் பேருந்து எந்த நடுத்தர வர்க்கப் பட்டியலிலும் இருந்ததில்லை. வந்தபோது எங்கள் சாப்பாட்டு மேசையில் அதைப் பற்றி நடந்த பேச்சு எல்லாம் நஷ்டக்கணக்குதான். உழவர் சந்தையும் அப்படித்தான், யாரும் கேட்டு வந்தது இல்லை. 1999இல் மதுரையில் தொடங்கிய திட்டம். இன்று வெளியூர் விருந்தாளிகளை விடியற்காலையில் ஆர்.எஸ்.புரம் உழவர் சந்தைக்குக் கூட்டிப்போய்ப் பெருமை காட்டுகிறோம்.

மெட்ரோ கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2025 நவம்பரில் ஒன்றிய அரசு கோவை மெட்ரோ திட்ட அறிக்கையைத் திருப்பி அனுப்பியது. 2017ஆம் ஆண்டுக் கொள்கை 20 லட்சம் மக்கள்தொகையை எதிர்பார்க்கிறது. 2011 கணக்கெடுப்பில் மாநகராட்சிக்கு 15.84 லட்சம்தான். பதினான்கு வருடப் பழைய கணக்கை வைத்து ஒரு ஊரை அளப்பது அபத்தம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்த வாரம் எங்கும் கேட்டது போக்குவரத்தைப் பற்றிய கவலை இல்லை, ரோஷம். நம்மளப் போய் சின்ன ஊருன்னுட்டாங்களே. இரவுப் பணி முடிந்து வீடு திரும்பும் செவிலியருக்கும் பேக்கரித் தொழிலாளிக்கும் நகரப் பேருந்து எத்தனை மணி வரைக்கும் கிடைக்கிறது என்ற கேள்விக்கு அந்த ரோஷத்தில் ஒரு பங்குகூடக் கிடைக்கவில்லை. ஐ.டி. கம்பெனிகளுக்கு வண்டி உண்டு. எங்களை வீட்டு வாசலில் இறக்கிவிடுகிறார்கள்.

*

சுந்தர ராமசாமியின் 'ஒரு புளியமரத்தின் கதை' 1966இல் வெளிவந்தது. பொதுவாக அதை ஒரு மரத்தின் சோகமாகவும் விடுதலைக்குப் பிந்தைய அரசியலின் எள்ளலாகவும் படிப்போம். அண்மையில் மறுபடி படித்தபோது எனக்கு அது வளரும் ஊர் ஒன்றின் ஆசைப்பட்டியலாகவே தெரிந்தது. மகாராஜாவின் வருகையை ஒட்டிக் குளம் மூடப்படுகிறது. காற்றாடி மரத்தோப்பு வெட்டப்பட்டுப் பூங்கா வருகிறது. மரத்தைச் சுற்றிக் கடைகள் வருகின்றன, போட்டி வருகிறது, நகரசபைத் தேர்தல் வருகிறது, பத்திரிகை வருகிறது. ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் விரும்பிக் கேட்டதுதான். யாரும் கெடுதல் நினைக்கவில்லை, குறைந்தபட்சம் தொடக்கத்தில். தோப்பை அழித்துப் பூங்கா போடும் இடத்தில் நாவலாசிரியரின் எள்ளல் எவ்வளவு நிதானமாக இருக்கிறது என்று பாருங்கள். மரங்களை வெட்டி, அந்த இடத்தில் செடி நடுகிறார்கள். அதைத்தான் ஊர் முன்னேற்றம் என்று கொண்டாடுகிறது. அறுபது வருடம் கழித்துப் படிக்கும்போதும் அந்த இடம் பழசாகவில்லை.

ஆனால் நாவலின் மீது எனக்கு ஒரு குறை உண்டு. அந்தப் புளியமர ஜங்ஷனில் ஆசைப்படுகிறவர்கள் எல்லோரும் ஆண்கள். கடைவைப்பவர், கதைசொல்லுபவர், தேர்தலில் நிற்பவர், விஷம்வைக்கக் காசு கொடுப்பவர், எல்லோரும். பெண்கள் அந்தச் சந்தியைக் கடந்து போகிறார்கள், அவ்வளவுதான். அது அந்தக் காலத்துச் சந்தியின் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் எழுத்தாளரின் கண்ணும் அவர்களோடு கடந்து போகவில்லை, மரத்தடியிலேயே நின்றுவிடுகிறது. இந்தக் குறையை ஈடுசெய்வதுபோல எனக்குத் தோன்றுவது அசோகமித்திரனின் 'தண்ணீர்', 1973. சென்னையின் தண்ணீர்ப் பஞ்சத்தில் ஒரு தெரு. அங்கே யாரும் எதுவும் 'வரணும்' என்று கனவு காண்பதில்லை. குடத்தைத் தூக்கிக்கொண்டு அடுத்த தெரு பம்புக்குப் போகிறார்கள். ஜமுனாவுக்கும் டீச்சரம்மாவுக்கும் நகரம் என்பது ஒரு பட்டியல் அல்ல, தினசரி எடை. நகரச் சேவைகள் பற்றி ஒரு நிபுணர் குழு நூறு பக்கம் எழுதினாலும் அந்த எடை அதில் வராது.

கொங்கு வட்டாரத்துக்கும் குறைவில்லாமல் எழுத்து இருக்கிறது. ஆர்.சண்முகசுந்தரத்தின் காலத்திலிருந்து காடுதோட்டமும், பெருமாள்முருகனின் 'ஏறுவெயி'லில் குடியிருப்புக்காக நிலம் இழக்கும் குடும்பமும், எம்.கோபாலகிருஷ்ணனின் 'மணல் கடிகை'யில் திருப்பூர்ப் பனியன் உலகமும் வந்துவிட்டன. ஆனால் சரவணம்பட்டி வரவில்லை. வாடகைக்கு அறை தேடும் ஒடிசாப் பையனும், மூன்றாம் மாடி ஃபிளாட்டில் மகனின் வாட்ஸ்ஆப் அழைப்புக்குக் காத்திருக்கும் ஓய்வுபெற்ற மில் கணக்கரும், நான்கு லட்சம் முன்பணம் கொடுத்துக் கடை எடுத்து எட்டே மாதத்தில் மூடிவிட்டுப் போகும் கேக் கடைப் பெண்ணும் இன்னும் ஒரு நாவலுக்குள் நுழைந்த மாதிரி தெரியவில்லை. அதனால்தான் மாலும் மெட்ரோவும் நம் கற்பனையை இவ்வளவு சுலபமாகப் பிடித்துக்கொள்கின்றன என்று எனக்கு ஒரு சந்தேகம். நகரத்தைப் பற்றி நமக்கு விளம்பரத்தின் மொழிதான் கைவசம் இருக்கிறது.

*

தோப்பை வெட்டிப் பூங்கா போடுவது நம் ஊரில் எப்படி நடந்தது என்று சொல்கிறேன். நொய்யலிலிருந்து வாய்க்கால் வழியாக நிரம்பும் குளங்கள் கோவைக்கு வரிசையாக இருக்கின்றன. முத்தண்ணன்குளம், செல்வசிந்தாமணிக்குளம், உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம், குறிச்சி, சிங்காநல்லூர். 2016இல் பொலிவுறு நகரத் திட்டத்தின் முதல் இருபது ஊர்களில் ஒன்றாகக் கோவை தேர்வானபிறகு குளக்கரைகள் நடைபாதையும் விளக்குகளும் புகைப்படம் எடுக்கும் வளைவுகளுமாக மாறின. நடைபாதை வரணும் என்பது பட்டியலில் பல வருடம் இருந்த அடி. சாயங்காலம் வாலாங்குளத்தில் போய்ப் பார்த்தால் ஊரே அங்கேதான் இருக்கிறது. பர்தா போட்ட அம்மாக்கள், பாப்கார்ன், சைக்கிள் பழகும் பிள்ளைகள். நான் முன்னால் சொன்ன நண்பர் ஐக்கியாவிடம் கேட்ட இடம் கிட்டத்தட்ட இதுதான், காசில்லாமல். நல்ல விஷயம் என்பதை மறுக்க மாட்டேன்.

அந்தக் கரைகளில் தலைமுறையாக வீடு கட்டி இருந்தவர்கள் கீரணத்தம், மலுமிச்சம்பட்டி மாதிரி இடங்களில் கட்டிய அடுக்குமாடிகளுக்கு மாற்றப்பட்டார்கள். ஆக்கிரமிப்பு, வெள்ள அபாயம், சாக்கடை, எல்லாம் உண்மை. பலருக்குக் காரைவீடும் கழிப்பறையும் முதல்முறையாகக் கிடைத்தது என்பதும் உண்மை. ஆனால் அவர்கள் குளக்கரையில் இருந்தது குளத்தைப் பார்ப்பதற்காக இல்லை. பூ மார்க்கெட்டும், ஆர்.எஸ்.புரத்து வீட்டுவேலைகளும், டவுன்ஹாலில் மூட்டை தூக்கும் வேலையும், பிள்ளைகளின் பள்ளிக்கூடமும் நடக்கிற தூரத்தில் இருந்தன. கீரணத்தம் ஊரின் மறுகோடி. 'இன்னாராக, இது வேண்டும், இதற்காக' என்று அவர்களிடம் யாராவது உட்கார்ந்து எழுதியிருந்தால் 'இதற்காக' என்ற இடத்தில் தூரம் என்ற ஒரே சொல்தான் இருந்திருக்கும்.

கீரணத்தத்தில் இன்னொன்றும் இருக்கிறது. ஐ.டி. வளாகம். காலை ஏழரைக்கு எங்கள் வண்டிகள் உள்ளே போகும்போது, துப்புரவுக்கும் கேண்டீனுக்கும் ஆட்கள் வாசலில் அடையாள அட்டை காட்டி நிற்பார்கள். அவர்களில் ஒரு அக்காவிடம் ஒருநாள் பேசிக்கொண்டிருந்தேன். முத்தண்ணன்குளத்திலிருந்து வந்தவர். இங்கே வேலை கிடைத்தது பரவாயில்லைதானே என்று கேட்டேன். "பரவால்லைங் தம்பி. அங்க இருந்தப்ப நாலு வீடு பாப்பேன். பாப்பாவுக்கு ஒடம்பு சரியில்லைன்னா எட்டுவச்சா வூடு. பெரியாஸ்பத்திரி பக்கம். இங்க எட்டு மணிக்கு மேல ஒரு மாத்திர வாங்கோணும்னா ஆட்டோதான்." மாத்திரை வாங்க ஒரு மருந்துக்கடை. உலகத்தில் எந்தப் பட்டியலிலும் ஏறாத அளவுக்குச் சின்ன ஆசை.

*

நியூயார்க்கின் கிரீனிச் வில்லேஜ் பகுதியில் வாழ்ந்த ஜேன் ஜேக்கப்ஸ் 1961இல் அமெரிக்க நகரங்களின் வாழ்வையும் சாவையும் பற்றி எழுதிய புத்தகத்தில் ஒரு சின்ன விஷயம் வரும். அந்தத் தெருவாசிகள் வெளியூர் போகும்போது, நண்பர் யாராவது வந்தால் கொடுங்கள் என்று வீட்டுச் சாவியை முக்குக்கடைக்காரரிடம் கொடுத்துவிட்டுப் போவார்கள். அவர் நண்பரும் இல்லை, உறவும் இல்லை. கடைக்காரர். சாவி வாங்கி வைப்பது அவர் விற்கும் சரக்கிலும் சேராது. ஆனால் நகரத்தில் நம்பிக்கை என்பது இப்படிப்பட்ட ஆயிரம் அற்பத் தொடர்புகளால் ஆனது என்று அவர் வாதிடுகிறார். அப்படிப்பட்ட கடைகள் பிழைக்கப் பழைய, வாடகை குறைந்த கட்டடங்கள் ஊரில் மிச்சமிருக்க வேண்டும் என்பதும் அவருடைய முக்கியமான வாதம்.

இது நமக்குப் புதுசில்லை. எங்கள் பழைய தெருவில் மளிகைக்கடை அண்ணாச்சியிடம் சாவி, கேஸ் புத்தகம், பள்ளி விட்டு வரும் பிள்ளை எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் போகலாம். இப்போது பத்து நிமிடத்தில் பொருள் கொண்டுவருபவர் சாவி வாங்க மாட்டார். அவருக்கு அடுத்த வீட்டுக்கு நேரமாகிவிட்டது. இதைச் சொன்னால் பழம்பெருமை பேசுகிறாய் என்பார்கள். இல்லை, நான் வாடகையைப் பற்றிப் பேசுகிறேன். அவினாசி ரோட்டிலும் சத்தி ரோட்டிலும் ஒரு சதுர அடிக்கு என்ன கேட்கிறார்கள் என்று விசாரித்துப் பாருங்கள். அந்த வாடகைக்கு என்ன மாதிரிக் கடை வரும் என்பதை வாடகையே முடிவுசெய்துவிடுகிறது. நகைக்கடை வரும், செல்போன் கடை வரும், பெரிய பிராண்டின் கிளை வரும், நூற்றைம்பது ரூபாய்க் காபி வரும். மிக்ஸி ரிப்பேர்க்காரர் வரமாட்டார். வாடகைப் புத்தகக் கடை வராது. ஆர்.எஸ்.புரத்தில் தியாகு புத்தக நிலையம் மாதிரி ஒன்று வாசகர்களையும் எழுத்தாளர்களையும் இத்தனை வருடம் ஒரே இடத்தில் கூட்டிவைத்திருந்தது என்பதே இப்போது நினைத்தால் கணக்குக்கு உட்படாத அதிசயமாக இருக்கிறது. அனுப்பர்பாளையத்தில் பெரியார் பெயரில் பெரிய நூலகமும் அறிவியல் மையமும் அமைக்கத் திட்டமிட்டார்கள். 2024 நவம்பரில் அடிக்கல் நாட்டினார்கள். அது வேண்டும்தான். எனக்கு அதோடு சேர்த்து, சரவணம்பட்டியிலோ துடியலூரிலோ சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் திறந்திருக்கிற, முப்பது நாற்காலி போட்ட கிளை நூலகம் ஒன்று வேண்டும். எதற்காக என்றும் சொல்லிவிடுகிறேன், வாய்ப்பாடு என்னுடையதுதானே. வேலை முடித்து வீட்டுக்குப் போவதற்கு முன் அரை மணி நேரம் எதுவும் வாங்காமல் உட்கார்வதற்காக.

முதியோருக்கான சேவை பற்றிப் பேசாமல் கோவையைப் பற்றிப் பேச முடியாது. ஓய்வுக்காலக் குடியிருப்புகளுக்கு இந்த ஊர் இந்தியா முழுக்கப் பெயர்போனது. மலையடிவாரக் காற்று, சிறுவாணித் தண்ணீர், சைவச் சாப்பாட்டுக் கூடம், அழைத்தால் வரும் ஆம்புலன்ஸ். பிள்ளைகள் வெளிநாட்டில், பெற்றோர் தொண்டாமுத்தூர்ப் பக்கம். வாங்கக்கூடியவர்களுக்கு நல்ல ஏற்பாடு. ஆனால் இந்த ஊரின் பெரும்பாலான முதியவர்கள் பிள்ளைகளோடுதான் இருக்கிறார்கள், பகல் முழுக்கத் தனியாக. மகனும் மருமகளும் காலை எட்டரைக்குக் கிளம்பினால் ராத்திரி எட்டுக்குத்தான் வருவார்கள். பகலில் பெரியவர்களைக் கொண்டுபோய் விட்டு, மாலையில் கூட்டிவரும் ஓர் இடம், குழந்தைகளுக்கு இருக்கிற மாதிரி, மாத்திரை நேரத்துக்குக் கொடுத்து தாயம் விளையாடத் துணைக்கு ஆள் வைத்து நடத்தினால் மாதம் எவ்வளவு ஆகும் என்று மூன்று நண்பர்கள் சேர்ந்து ஒருநாள் கணக்குப் போட்டோம். இடம், இரண்டு செவிலியர், சமையல், வண்டி. கடைசியில் கணக்கு உதைத்தது செவிலியர் சம்பளத்தில் இல்லை, கட்டட வாடகையில். இருபது பேருக்கு மேல் சேர்ந்தால் தட்டுத்தடுமாறி நிற்கும். அந்த இருபது பேரும் ஒரு மணி நேரப் பயணத்துக்குள் இருக்க வேண்டும்.

கூட்டுறவு என்ற சொல்லை அன்று நான்தான் எடுத்தேன். மற்ற இருவரும் சிரித்தார்கள். அந்தச் சொல் இப்போது நடுத்தர வர்க்கத்தின் காதில் ரேஷன் கடை வரிசையாகத்தான் விழுகிறது. ஆனால் இந்த ஊரில் சூப்பர் மார்க்கெட் என்பதை மக்களுக்கு முதலில் பழக்கியவற்றில் ஒன்று சிந்தாமணி கூட்டுறவுப் பண்டகசாலை. வடகோவையில் பேருந்து நிறுத்தத்துக்கே சிந்தாமணி என்றுதான் பெயர். தினமும் ஏறி இறங்குகிறவர்களில் பாதிப் பேருக்கு அது ஒரு கடையின் பெயர் என்று தெரியாது. சினிமாப் பெயர் என்று நினைத்திருந்ததாக ஒரு நண்பர் சொன்னார்.

கணக்கு எழுதிய அந்தத் தாள் இன்னும் என் மேசையில்தான் இருக்கிறது. வாடகை வரிக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி. துடியலூரில் ஒரு பழைய ஓட்டு வீடு, நடுவில் முற்றத்தோடு, இரண்டு வருடமாகப் பூட்டிக் கிடக்கிறது. உரிமையாளர் பெங்களூருவில் இருக்கிறாராம். இடித்துவிட்டு வணிக வளாகம் கட்டுவதா, அப்படியே வாடகைக்கு விடுவதா என்று யோசிக்கிறார் என்று பக்கத்து டீக்கடைக்காரர் சொன்னார். சாவி அவரிடம்தான் இருக்கிறது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை போய் உள்ளே பார்க்கலாம் என்றிருக்கிறோம்.